விழுகிறவர்களுக்குப் பின்னால்

எங்கள் செபக்குழுவில் நான் பாடுவதில்லை, மைக் பிடிப்பதில்லை. என் வேலை பின்னால் நிற்பது. சாமியார் வரிசையாக ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்துச் செபித்துக்கொண்டு வரும்போது சிலர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுவார்கள். ஆவியில் இளைப்பாறுவது என்று அதற்குப் பெயர். அப்படி விழுகிற பெண்களின் தோளைத் தாங்கி, தலை தரையில் மோதாமல் படுக்கவைத்து, சேலை விலகாதபடி காலுக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, அடுத்தவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். மும்பை தாராவியில் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில், பல வருடமாக இதைச் செய்துவருகிறேன்.

இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். பக்தியால் அல்ல, பயத்தால். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலும் பேய்தான். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில், "இங்கே ஒரு சகோதரி இருக்கிறார். அவர் மனதில் ஒரு கசப்பு இருக்கிறது. ஆண்டவர் அதைப் பார்க்கிறார்" என்று சொல்வார். மண்டபம் நிறைய ஆள் இருந்தாலும் அந்தச் சகோதரி நான்தான் என்று என் வயிறு சொல்லிவிடும். இடுப்பு வலியுள்ள ஒருவர் என்றால் அந்த நிமிடமே என் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆண்டவர் என்னைப் பார்க்கட்டும், அதை எல்லார் முன்னாலும் மைக்கில் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் வேண்டுதல். பின்னால் நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை. பிடிக்கிறவர்களுக்குக் கடைசியில் ஒரு செபம் உண்டு. அப்போது எங்களுக்குப் பின்னால் ஆள் இருக்காது என்பதால் நாங்கள் யாரும் விழுவதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

பரவசப் பேச்சு என்ற கொடை எனக்கு இருப்பதாகவும் குழுவில் நம்பினார்கள். எந்த மொழியிலும் சேராத ஓசைகளில் ஆவியானவர் நம் வாயால் செபிப்பது அது. முதலில் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டு நானும் உருட்டினேன். பிறகு தானாக வருகிறதா, நான் வரவழைக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. யாரிடமாவது கேட்டால் நான் இத்தனை நாள் நடித்தேன் என்று ஆகிவிடுமோ என்று பயந்து கேட்காமலே விட்டேன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய பயம் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிஸ்டர் சொன்னது. "எல்லா பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. தூய ஆவியாருக்கு எதிரான பாவத்துக்கு மட்டும் கிடையாது. இங்கயும் இல்ல, மேலயும் இல்ல." அது என்ன பாவம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அவர் செய்யுறத நாம குறுக்க விழுந்து தடுக்குறது" என்றார். சிறு பிள்ளைகளிடம் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு அது கல்லில் எழுதினது மாதிரி நின்றுவிட்டது.

ஆகவே குழுவின் விதிகளை மீற எனக்குத் துணிவு கிடையாது. பிடிக்கிறவர்கள் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் போடக்கூடாது, விழுகிறவர்கள் மேல் கீறும். கைப்பையை ஆபீஸ் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்றைக்கு உபவாசம். ஆராதனை முடிந்து டீயும் பன்னும் தரும்வரை தண்ணீர் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: விழுந்தவரைத் தொடக்கூடாது, தட்டி எழுப்பக்கூடாது. அவராக எழுந்திருக்கும்வரை ஆவியானவர் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு இது எல்லாமே வேடிக்கை. குர்லாவில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். ஞானஸ்நானம் வாங்கினவர்தான். ஆனால் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் விட்டால், யாராவது செத்தால்தான் கோயில் பக்கம் வருவார். முதல் சனிக்கிழமை நான் வீடு திரும்பி செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏட்டி, இன்னைக்கி எத்தன விக்கெட்டு?"

"அப்படிப் பேசாதீங்க. வாய்க்கு வந்தத சொல்லாதீங்க."

"எல்.பி.டபிள்யூவா, கேட்சா? கேட்சுதான். நீதான புடிக்க."

நான் அவர் வாயைப் பொத்தப் போவேன். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே. அவர் இன்னும் சிரிப்பார். அவருக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். குழுவில் அவர் பெயரைச் சொல்லிச் செபிக்காத மாதமே கிடையாது. அவர் ஒரு நாள் இந்த மண்டபத்தில் விழ வேண்டும் என்று எல்லாரும் கேட்டோம். அப்படியேதான் கேட்டோம், விழ வேண்டும் என்று.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலையும் மாலையும் மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மீன் வாங்கப் போனவர், மார்க்கெட்டில் கதையடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, மகளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் அப்போதே வாஷியில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தாள். இடது கையில் கட்டைவிரலை உள்ளே மடக்கி, பிறந்த குழந்தை மாதிரி முஷ்டி பிடித்திருந்தார். விரித்துவிட்டால் மறுபடி மடங்கிக்கொண்டது. சுனாபட்டியில் நாங்கள் காட்டுகிற டாக்டர் அன்றைக்கு என்னைத்தான் திட்டினார். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும், நினைவு தப்பினால் உயிருக்கே ஆபத்து, அப்போது தண்ணீர் ஊற்றக்கூடாது, சர்க்கரையை எடுத்து ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே தேய்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து என் கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் நான் வெளியே கிளம்பியது கிடையாது.

இவ்வளவும் சொன்னது, அந்தச் சனிக்கிழமை எனக்கு என்ன நடந்தது என்று புரிவதற்காக.

அன்று காலையில் நான் அவருக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். அவர் ஷர்ட் பட்டனைப் போட்டபடியே சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னைக்கி வேல முடிஞ்சு நேரா ஒங்க மண்டபத்துக்கு வாரேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எல்லாரும் எதுக்கு வாராவ? செபத்துக்குத்தான்."

சாமியார் கைவைத்துச் செபிக்கும் நாள் அது என்று அவருக்குத் தெரியும். பல வருட மன்றாட்டு கேட்கப்பட்டுவிட்டது என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்த மனுஷன் திடீரென்று செபத்துக்கு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஏதாவது ரிப்போர்ட் வந்திருக்கிறதா? என்னிடம் மறைக்கிறாரா? கேட்டேன். "சும்மா காலி பீலி டென்ஷன் ஆவாத" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மண்டபத்தில் நான் மதியத்திலிருந்தே இருந்தேன். நாற்காலிகளை ஓரம் தள்ளி, தரையில் பாய் விரித்து, சால்வைகளை மடித்து வைத்தோம். குழுவை நடத்துகிற அக்காவிடம், "இன்னைக்கி எங்க வீட்டுக்காரர் வாராரு" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷி. என் பிரசவத்துக்கும் என் அப்பாவின் சாவுக்கும் வந்து நின்றவர். எது ஆவியானவரிடமிருந்து வருகிறது, எது வேறிடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் கொடை அவருக்கு உண்டு என்று எல்லாரும் சொல்வோம். அவரும் அதை மறுத்ததில்லை.

துதிப்பாடல் நடந்துகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வந்தார். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில், எண்ணெய்க் கறை படிந்த பேன்ட்டோடு, கூச்சமாக நின்றார். கையைத் தட்டத் தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். நான் இங்கிருந்தே கையால் சாப்பிடுகிற மாதிரிக் காட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். காலி. எனக்கு மனசு ஆறியது.

பிறகு சாமியார் இறங்கி வந்தார். கீபோர்டு மெதுவாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசை முடிந்து ஆண்கள் வரிசைக்குப் போனார். என் பக்கம் விழுந்தவர்கள் பாயில் கிடந்தார்கள், சிலர் அழுதபடி, சிலர் சிரித்த முகத்தோடு. நான் சால்வையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முறை வந்தது. சாமியாரின் விரல்கள் நெற்றியில் பட்டனவோ இல்லையோ, விழுந்தார்.

மண்டபம் ஆர்ப்பரித்தது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மைக்கில், "எத்தன வருஷத்து செபம்! எத்தன வருஷத்து கண்ணீர்! அல்லேலூயா!" என்றார். கீபோர்டு உச்சத்துக்கு ஏறியது. நானும் அழுதேன். மகிழ்ச்சியில்தான் அழுதேன். ஆண்டவரே, என் வீட்டுக்காரரை விக்கெட் எடுத்துவிட்டீர் என்று எனக்குள் அவர் வார்த்தையே வந்தது. சிரிப்பும் வந்தது.

அப்புறம்தான் அவர் விழுந்த விதம் நினைவுக்கு வந்தது. இளைப்பாறி விழுகிறவர்கள் குதிகாலில் சாய்வார்கள். உடம்பு பலகை மாதிரி வரும், கொஞ்சம் நம்மை நம்பி வரும். அவர் அப்படிச் சாயவில்லை. முட்டி முதலில் மடிந்தது. பின்னால் நின்றவர் அதை எதிர்பார்க்காமல் தோளைத் தவறவிட்டு, தலை தரையில் பட்ட சத்தம் பாட்டுக்குள் அமுங்கிப்போனது. நான் பாயைத் தாண்டி நடுவழி வரைக்கும் போனேன். அவருடைய இடது கை பாய்க்கு வெளியே கிடந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

டப்பா காலியாகத்தானே இருந்தது, என் கண்ணால் பார்த்தேனே என்று நினைத்தேன். சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் யார் சட்டைதான் நனையவில்லை? மின்விசிறி இருந்தும் எல்லாரும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம். நான் அவர் பக்கத்தில் உட்காரப் போனபோது அக்கா வந்து என் தோளைப் பிடித்தார்.

"தொடாதம்மா. ஆவியானவர் ஆபரேஷன் பண்ணுதாரு."

"அக்கா, அவருக்கு சுகர் உண்டு."

"சுகரையும் சேத்துத்தான் எடுக்காரு. கல்லு மனசு ஒடையுது பாரு. நடுவுல கலைச்சுராத."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் என் வீட்டுக்காரருக்காக முட்டி தேய மன்றாடியவர்கள். நான் கேட்டது நடந்திருக்கிறது. அதை நானே கையால் பிடுங்கிப் போட வேண்டுமா? அந்த சிஸ்டரின் குரல் வந்தது. குறுக்கே விழுந்து தடுக்கிறது. இங்கேயும் மன்னிப்பு இல்லை, மேலேயும் இல்லை. இது ஆவியானவர் என்றால், நான் தொட்டவுடனே அந்த ஒரே பாவத்தைச் செய்தவளாகிவிடுவேன். அவருக்கு வந்த அருளையும் கெடுத்தவளாகிவிடுவேன். இது ஆவியானவர் இல்லை என்றால், என் கண் முன்னால் அவர் செத்துக்கொண்டிருக்கிறார், சுற்றி நின்று நாங்கள் கைதட்டுகிறோம். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதை என்று தாண்டவும் முடியவில்லை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன், அடுத்த வரி வரவில்லை. பிறந்தது முதல் சொல்கிற செபம்.

அவர் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. தூங்கும்போது விடும் குறட்டை எனக்குத் தெரியும். அது இது இல்லை.

நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று நான் அப்போது நினைத்ததாகப் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. கால் ஓடியது. கைப்பை பூட்டிய அலமாரியில், சாவி யாரிடமோ. மண்டபத்தின் பின்பக்கம் டீ கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை டின்னுக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டு, தரையெல்லாம் சிந்த, படுத்துக்கிடந்தவர்களைத் தாண்டி ஓடிவந்தேன். அக்கா மறித்தார். நான் அவரை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, இவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். கன்னம் சில்லென்றிருந்தது. அந்தப் புழுக்கத்தில் அந்தச் சில்லிப்பை என் விரல் இன்னும் மறக்கவில்லை.

அப்போது என் வாய் பேசத் தொடங்கியது. அந்த ஓசைகள். நான் உருட்டவில்லை, வரவழைக்கவில்லை, நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு இன்னும் பலமாகத் துதித்தார்கள். இத்தனை வருடத்தில் அது தானாக வந்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரே தடவை அதுதான். அது ஆவியானவரா, வெறும் பயமா என்று கேட்டால், அதற்கு மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"கீபோர்ட நிறுத்துங்க!" என்று சாமியார் கத்தினார். அவர் வந்து என் எதிரே முட்டிபோட்டு, இவர் கையைத் தொட்டுப் பார்த்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க. டாக்ஸி கூப்பிடுங்க" என்றார். பாட்டு நின்றது. அந்த அமைதி அதைவிடப் பயமாக இருந்தது. பாட்டு நின்றதால் பாயில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து விழித்தார்கள். இவர் ஒருவர்தான் எழுந்திருக்கவில்லை.

சயான் போகும் வழியில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். டாக்டர் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை அளக்கிற அந்தச் சின்ன மிஷினை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். டிரிப்பை ஓடவிட்டுக்கொண்டே, "ரோஸா ரக்கா தா க்யா?" என்று கேட்டார். நோன்பு இருந்தாரா என்று.

"நஹி டாக்டர், டப்பா கா கே ஆயா" என்றேன். சாப்பிட்டுத்தான் வந்தார். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டியதைக்கூடச் சொன்னேன்.

பாட்டில் பாதி இறங்கியபோது அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என் பேரைச் சரியாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

"ஏட்டி, நானும் அவுட்டா?"

"சாப்பிட்டுத்தான வந்தீங்க? டப்பாவ காட்டினீங்களே!"

அவர் டிரிப் குழாயைப் பார்த்தார்.

"அத மிஷின் கொண்டாந்த ஒரு டெய்லர்கிட்ட குடுத்துட்டேன். எல்லாரும் உபவாசம்லா. போறதுனா ஒழுங்கா போவணும். நான் மட்டும் வயித்த ரொப்பிட்டு வந்து நின்னா சாமி கேக்குமா?"

"அப்போ மாத்திர?"

"அது போட்டேன். போடலன்னா நீ திட்டுவல்லா."

கடவுளுக்குப் பயந்து சாப்பிடவில்லை. எனக்குப் பயந்து மாத்திரையை விடவில்லை. இரண்டு பயமும் சேர்ந்து மனுஷனைப் படுக்கவைத்துவிட்டன. நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன்.

"எதுக்கு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. ரிப்போர்ட் ஏதாவது வந்துச்சா?"

"ரிப்போர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க லைன்ல பட்டன் கட போட்டிருக்கான்லா, நம்ம வயசுதான். சுகர்ல கால எடுத்துட்டானுவ. போய்ப் பாத்துட்டு வந்தேன். கட்டில்ல ஒக்காந்து சிரிக்கான், என்னைய மாதிரியே." நிறுத்தினார். "பயமாயிருந்துச்சுட்டி. ஒனக்கு மட்டுந்தான் பயம் உண்டுன்னு நெனச்சியா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது, சிரிக்கிற வேலை அவருடையது என்று நாங்கள் பிரித்துக்கொண்டதாக எண்ணியிருந்தேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் விரிந்திருந்தன. அதை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அக்கா பார்க்க வந்தார். ஆப்பிளும் பிரெட்டும் கொண்டுவந்தார். இவர் வழக்கம்போல, "என்னக்கா, ஆபரேஷன் சக்ஸஸா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. நான் டீ போடப் போனபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தொடாதன்னு சொன்னேன்லா" என்றார்.

"நான் உங்கள இடிச்சுட்டேன்க்கா. மன்னிச்சுருங்க."

"அது இல்லம்மா." அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு அது ஆவியானவர்தான்னு நல்லா தெரிஞ்சுதும்மா. எப்பவும் தெரியுமே, அப்படியே தெரிஞ்சுது. அப்போ இதுக்கு முன்னால..." என்று தொடங்கிவிட்டு முடிக்கவில்லை. டீயைக் கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்துவிட்டுப் போனார். அவர் முடிக்காத அந்த வாக்கியத்தை நானும் முடிக்கவில்லை. மண்டபத்தில் நான் படுக்கவைத்துச் சால்வை போர்த்தின முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோகும். எல்லாரும் எழுந்துதான் போனார்கள். எனக்குத் தெரிந்தவரை.

தெருவில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. முதல் தொடுதலிலேயே விழுந்தார், செத்தவர் பிழைத்தார், மனைவி பரவசப் பேச்சில் கூப்பிட்டு உயிரைத் திருப்பினாள் என்று. சாட்சி சொல்ல வரும்படி ஆள் வந்தது. இவர் போவார் என்று நான் நினைக்கவில்லை, போனார். அடுத்த முதல் சனிக்கிழமை, மைக்கைப் பிடித்து, "நான் பசியில விழுந்தேன். மாத்திர போடுறவங்க சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் சாட்சி. கூட்டம் ஒரு நொடி தயங்கிவிட்டு, "அல்லேலூயா" என்றது.

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருவார் என்று பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆண்கள் வரிசைக்குப் பின்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுதீங்க?" என்றேன், நடுவழியில் நின்று.

"அன்னைக்கி என்னைய புடிச்சவனுக்கு புடிக்கவே தெரியல. மண்ட இன்னும் வலிக்கி."

அன்று அவர் ஒவ்வொருவரிடமும் குனிந்து காதில் ஏதோ கேட்பதைப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்பதுதான் அது. விழுந்தவர்களை நல்லபடி தாங்கினார், தையல் மிஷினின் தலையைக் கழற்றி வைக்கிற மாதிரி பதனமாக. நான் என் பக்கம் விழுந்த பெண்களுக்குச் சால்வை போர்த்தும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது என் சர்க்கரைப் பொட்டலம் கைப்பையில் இல்லை, இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு முறை ஒருவர் சாயும்போதும் என் கை அந்தப் பொட்டலத்துக்குப் போனது. பழைய பயத்தோடு புதுப் பயமும் சேர்ந்துகொண்டதே தவிர, ஒன்று வந்ததால் மற்றது போகவில்லை.

எல்லாரும் முடிந்தபின் சாமியார் பிடிக்கிறவர்களிடம் வந்தார். பெண்கள் முதலில். என் தலையில் கைவைத்தார். நான் தூண் மாதிரி நின்றேன். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். இவர் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, வெறும் தரைதான். நான் வழியைத் தாண்டிப் போய், கையில் சால்வையோடு, அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பாமலே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, இது ஆம்பளைங்க பக்கம்."

"தெரியும்."

"நான் விழ மாட்டேன், போ."

"நீங்க முன்னால பாருங்க."

சாமியார் எங்கள் இருவரையும் பார்த்தார். "சாப்ட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"வயித்துல எடமில்ல, ஃபாதர். பக்கத்துல ஒக்காந்து எண்ணி எண்ணி வச்சா."

சாமியார் அவர் நெற்றியில் கைவைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் முதுகு என் உள்ளங்கையில் பட்டது. முதலில் லேசாக, அப்புறம் பாரம் முழுதும். சட்டை ஈரமாக இருந்தது. ஆவியானவரா, சர்க்கரையா, என்னைப் பயமுறுத்த அவர் செய்யும் விளையாட்டா, எனக்குத் தெரியவில்லை. தோளை மார்பில் தாங்கிக்கொண்டு, ஒரு கையை இறக்கி அவர் இடது கையைத் தேடினேன். கட்டைவிரல் வெளியேதான் இருந்தது. அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. அவரைத் தரையில் படுக்கவைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.